அவரும் க்ளார்க், நானும் க்ளார்க்

ஓட்டத்தில் நான் பெரிய ஆளாக வராமல் போனதற்கு ரொம்ப நாளாக ஒரே ஒரு காரணம் கைவசம் வைத்திருந்தேன்: உத்தியோகம். அரசு அலுவலகத்தில் க்ளார்க். தபால், ஃபைல், ரிமைண்டர், ஆடிட். இதற்கு நடுவில் மனுஷன் எங்கே ஓடுவது? கேட்டவர்கள் எல்லாரும் 'ஐயோ பாவம்' என்றார்கள். அவ்வளவு பலமான காரணம் இருந்ததால் காலை ஆறரை வரை நிம்மதியாகத் தூங்கவும் முடிந்தது.

அந்தத் தூக்கத்தைக் கெடுத்தவர் பெயர் யூகி கவாவுச்சி. ஜப்பான்காரர், 1987-ல் பிறந்தவர். டோக்கியோவை ஒட்டிய சைதாமா மாகாணத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி ஆபீஸில் வேலை பார்த்தார். பகல் 12.45-க்கு உள்ளே போனால் இரவு 9.15-க்கு வெளியே வருவார். ஓட்டமெல்லாம் காலையில். கோச் கிடையாது, ஸ்பான்சர் கிடையாது. இப்படி இருந்துகொண்டு 2011 டோக்கியோ மாரத்தானில் 2 மணி 8 நிமிடம் 37 வினாடியில் ஓடி மூன்றாவதாக வந்தார். அன்றைக்கு ஓடிய ஜப்பானியர்களில் அவர்தான் முதல்.

இந்தச் செய்தியை என்னிடம் கொண்டுவந்தவர் எதிர் சீட்காரர். "இவரும் உங்களை மாதிரியே க்ளார்க்காம் சார்" என்றார். மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல்தான் சொன்னார். செக்‌ஷனில் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஜப்பானில் நெடுந்தூர ஓட்டத்தைப் பிழைப்பாக்கிக்கொள்ள ஒரு ராஜபாட்டை இருக்கிறது. கல்லூரியில் படிக்கும்போது ஹகோனே எகிடென் என்கிற தொடர் ஓட்டத்தில் ஓட வேண்டும். 1920-ல் ஆரம்பித்த பந்தயம், ஜனவரி 2, 3 தேதிகளில் நடக்கும், ஊரே டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கும். அதில் பெயரெடுத்தால் ஏதாவது ஒரு பெரிய கம்பெனி வேலைக்கு எடுத்துக்கொள்ளும். வேலை என்றால் சம்பளப் பட்டியலில் பெயர் இருக்கும். பார்க்கிற வேலை, ஓடுவது. கோச், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் கம்பெனி கணக்கு. இதைப் படித்ததும் நான் பிறந்த நாட்டைக் கொஞ்சம் குறை சொன்னேன். சொன்னபோது படுத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் கவாவுச்சிக்கு அந்த ராஜபாட்டையே கிடைக்கவில்லை. பள்ளியில் காயம். ஓட்டத்துக்குப் பேர்போன கல்லூரிகள் சீண்டவில்லை. கக்குஷுயின் பல்கலைக்கழகத்தில் படித்து, தகுதி பெறாத கல்லூரிகளிலிருந்து ஆட்களைப் பொறுக்கிச் சேர்க்கிற அணியில்தான் ஹகோனேயில் ஓடினார். பிறகு 2009-ல் மாகாண அரசு வேலையில் சேர்ந்தார். நானும் பரீட்சை எழுதி அரசு வேலையில் சேர்ந்தவன்தான். ஒற்றுமை அங்கேயே முடிந்துவிடும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

நம் நாட்டிலும் மாரத்தான்காரர்கள் பலர் உத்தியோகஸ்தர்கள்தான். ராணுவம், ரயில்வே என்று எங்காவது வேலையில் இருப்பார்கள். நான் இந்த உதாரணங்களையெல்லாம் திரட்டிக்கொண்டு எங்கள் சூப்பரின்டெண்டிடம் போனேன். தினமும் காலையில் ஒரு மணி நேரம் பெர்மிஷன் கொடுத்தால் பயிற்சிக்கு வசதியாக இருக்கும் என்றேன். அவர் வருகைப் பதிவேட்டை என் பக்கம் திருப்பினார். "அதான் தினமும் எடுத்துக்கிறீங்களே" என்றார்.

சரி, சொந்த முயற்சியில் இறங்குவோம் என்று முதலில் எதிரியின் வேகத்தை ஆராய்ந்தேன். கவாவுச்சியின் மிகச் சிறந்த மாரத்தான் நேரம் 2:07:27. அதாவது கிலோமீட்டருக்கு 3 நிமிடம் 1 வினாடி. மணிக்கு 20 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கீழே. காகிதத்தில் பார்த்தால் பெரிதாகத் தெரியவில்லை. ஒருநாள் ஆபீஸ் போகும்போது அண்ணா சாலையில் கணக்குப் பார்த்தேன். சிக்னல், மெட்ரோ வேலை, மறுபடி சிக்னல் என்று போனதில், என் ஸ்கூட்டரின் சராசரி வேகம் அவருக்குக் கீழே இருந்தது. இத்தனைக்கும் என் ஸ்கூட்டர் சர்வீஸ் செய்தது.

பிறகு காலாலும் சோதித்தேன். 400 மீட்டர் மைதானத்தில் ஒரு சுற்றை அவர் 72 வினாடிச் சொச்சத்தில் கடப்பார். அப்படி நூற்றைந்தரைச் சுற்று போனால் மாரத்தான். நான் ஒரே ஒரு சுற்று மட்டும் அவர் கூடப் போய்விட்டு வரலாம் என்று கிளம்பினேன். முதல் வளைவு வரை சமமாகத்தான் போனோம். இரண்டாவது வளைவில், அங்கே கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த பையன்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தார்கள். "தாத்தா, உக்காருங்க" என்றான் ஒருவன். எனக்கு அப்போது நாற்பத்தேழு வயது.

தப்பு என் காலில் இல்லை, ஷூவில்தான் என்று உடனே புரிந்துவிட்டது. உங்களுக்கும் புரிந்திருக்கும், இந்த ஓட்ட வியாதி வந்தவர்கள் எல்லாரும் ஷூக்கடை வாசலைத் தாண்டித்தான் வந்திருப்போம். இப்போது பெரிய ஓட்டக்காரர்கள் போடுவது உள்ளே கார்பன் தகடு வைத்த ஷூ. அது ஓட்டக்காரருக்கு ரொம்பவே ஒத்தாசை செய்கிறது என்ற சர்ச்சை கிளம்பி, சாலைப் பந்தய ஷூவின் அடிப்பாகம் 40 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று உலகத் தடகள அமைப்பு 2020-ல் விதியே போட்டது. நான் வாங்கியது விதிக்கு உட்பட்டதுதான். யாரும் அளந்து பார்க்க வரவில்லை.

அந்தத் தகடு ஆளை முன்னே தள்ள வேண்டுமானால் ஆள் முதலில் வேகமாக வந்து மிதிக்க வேண்டும். என் வேகத்துக்கு அது வெறும் உயரமான செருப்பு. நடைபாதை ஓரத்தில் கால் வைத்த இடத்தில் கணுக்கால் மடங்கியது. எலும்பு டாக்டர் ஷூவைக் கையில் எடுத்துப் பக்கவாட்டில் பார்த்தார். "இந்த வயசுல ஹீல்ஸ் எதுக்கு சார்?" என்றார்.

கால் ஆறுகிற இடைவெளியில் கவாவுச்சியின் இளமைக் காலத்தைப் படித்தேன். சின்ன வயதில் அவருக்குக் கோச் அவர் அம்மாதான். பூங்காவில் தினமும் ஓடவிட்டு நேரம் எடுப்பார். நேரம் நன்றாக இருந்தால் பரிசாகத் தின்ன ஏதாவது கிடைக்கும். மோசமாக இருந்தால் தண்டனையாகக் கூடுதல் சுற்று. என் அம்மாவுக்கும் என் ஓட்டத்தில் அக்கறை உண்டு. நான் ஓடி விழுந்தால் தரையை அடிப்பார். 'என் பிள்ளையைத் தள்ளிவிட்டியா' என்று தரையைத் திட்டுவார். நான் செய்த தப்புக்கெல்லாம் தரை அடி வாங்கியதால், எனக்கு இன்றுவரை பிடிப்பு வரவில்லை.

அம்மாவிடம் இதைச் சொல்லிக்காட்டினேன். "அந்தப் பையன் இளைச்சுப் போயிருப்பானே" என்றார்.

சாப்பாடு விஷயத்தில்தான் எனக்கும் அவருக்கும் உண்மையான நெருக்கம் ஏற்பட்டது. போட்டிக்கு முந்தின ராத்திரி கவாவுச்சி விரும்பிச் சாப்பிடுவது கறி ரைஸ். கெட்டிக் குழம்பு, சோறு. படித்ததும் எனக்கு உடம்பில் புது ரத்தம் ஓடியது. ஓட்டத்தில் ஜெயிக்கட்டும், குழம்புச் சோற்றில் ஒரு ஜப்பான்காரர் என்னை ஜெயித்துவிட முடியுமா? என் அடுத்த ஹாஃப் மாரத்தானுக்கு முந்தின ராத்திரி மட்டன் குழம்பு வைக்கச் சொன்னேன். 'கார்போ லோடிங்' என்று விளக்கமும் கொடுத்தேன். இரண்டு முறை லோடு செய்தேன்.

மறுநாள் ஒன்பதாவது கிலோமீட்டரில் மட்டன் தன் கருத்தைச் சொல்ல ஆரம்பித்தது. ஓட்டப் பாதையில் வரிசையாக வைத்திருக்கும் நீல நிறத் தற்காலிகக் கழிப்பறைகளை அதுவரை நான் அலட்சியமாகத்தான் பார்த்திருந்தேன். என் கைக்கடிகாரம் மிக நாகரிகமானது. அந்தக் காலத்தை 'ஓய்வு' என்று பதிவு செய்திருந்தது. அது ஓய்வு இல்லை.

கவாவுச்சி நிறையப் போட்டி ஓடுகிறவர். அவர் தரத்தில் இருக்கும் மற்றவர்கள் வருஷத்துக்கு இரண்டு மாரத்தான் ஓடுவார்கள், மிஞ்சிப்போனால் மூன்று. இவர் 2013-ல் மட்டும் பதினொன்று ஓடினார். அந்த பிப்ரவரியில் பெப்பு-ஓய்தாவில் 2:08:15. ஆறே வாரத்தில் சியோலில் 2:08:14. கூட ஓட கம்பெனி அணி இல்லாததால் போட்டிகளையே பயிற்சியாக வைத்துக்கொண்டார். 2 மணி 20 நிமிடத்துக்குள் முடித்த மாரத்தான்கள் மட்டும் அவர் கணக்கில் நூறைத் தாண்டும். அப்படி வேறு யாரும் ஓடியதில்லை.

இந்த முறை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. போட்டிதான் பயிற்சி என்றால், பயிற்சி என்று தனியாக ஒன்று தேவையில்லை அல்லவா? கண்ணில் பட்ட பத்து கிலோமீட்டர் ஓட்டத்துக்கெல்லாம் பணம் கட்டினேன். இதய நாள் ஓட்டம், சிறுநீரக விழிப்புணர்வு ஓட்டம், மரம் நடும் ஓட்டம். வீட்டில் டி-ஷர்ட் குவிந்தது. என் மனைவி அதில் நல்ல உறிஞ்சும் துணியாகப் பார்த்துச் சமையல்மேடைக்கு எடுத்துக்கொண்டார். மெடல்களை என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தபோது ஆயுத பூஜை வந்தது. அம்மா எல்லாவற்றையும் ஸ்கூட்டருக்கு மாட்டிப் பொட்டு வைத்தார். யோசித்துப் பார்த்தால், போய்ச் சேர வேண்டிய இடத்துக்குத்தான் போயிருக்கிறது.

அவரும் சொதப்பியிருக்கிறார் என்று கண்டுபிடித்த நாள் எனக்குத் திருநாள். 2013 ஜனவரியில் எகிப்தில் லக்ஸர் மாரத்தானுக்குக் கிளம்பியவர், பாஸ்போர்ட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு விமான நிலையம் போய்விட்டார். விமானம் போய்விட்டது. நம்ம ஆள்! அடுத்த வரியைப் படிக்காமல் இருந்திருக்கலாம். சொந்தக் காசில் வேறு டிக்கெட் வாங்கிப் போய், ஓடி, ஜெயித்தும்விட்டார்.

நானும் ஒருமுறை ஓட்டத்துக்கு, நேரம் பதிவாகிற சிப் ஒட்டிய நம்பர் அட்டையை வீட்டு ஃபிரிட்ஜ் மேல் மறந்து வைத்துவிட்டுப் போனேன். ஆனாலும் ஓடினேன். அன்றைக்கு மாதிரி நான் என்றைக்குமே ஓடியதில்லை. என் வாழ்நாள் சாதனை அதுதான் என்று இன்றும் எல்லாரிடமும் சொல்கிறேன். எந்தப் பதிவேட்டிலும் அது இல்லை என்பது எனக்கு ரொம்ப வசதி.

2012 டோக்கியோ மாரத்தான் லண்டன் ஒலிம்பிக்குக்கு ஆள் எடுக்கிற போட்டி. கவாவுச்சி பதினான்காவதாக வந்தார். ஆதரித்தவர்களிடம் மன்னிப்புக் கேட்கும் விதமாகத் தலையை மொட்டை அடித்துக்கொண்டார். பதினான்காவது இடத்துக்கு மொட்டை என்றால், மூவாயிரத்துச் சொச்சமாவது இடத்துக்கு என்ன செய்வது? அலகுதான் குத்திக்கொள்ள வேண்டும். பழனிக்குப் போகலாமா என்று மனைவியிடம் கேட்டேன். அவர் என் தலையை ஒரு பார்வை பார்த்தார். "இதுக்குப் போய் டிக்கெட் செலவா?" என்றார்.

கோட், சூட், டை போட்டுக்கொண்டு ஹாஃப் மாரத்தான் ஓடியவரும் இவர்தான். 2016-ல் தன் ஊரான குக்கியில் 1 மணி 6 நிமிடம் 42 வினாடி. நான் ஆபீஸ் உடையில் ஓடிய தூரம், பார்க்கிங்கிலிருந்து கைரேகை மெஷின் வரை. பத்து மணி ஆவதற்குள் விரலை வைத்துவிட்டேன். பேண்ட்டின் பின்பக்கத் தையல் என்னோடு வரவில்லை. அன்று மாலை வரை ஒரு ஃபைலை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டே நடமாடினேன். அந்த ஃபைலை யாராவது கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன்.

இப்போது பாஸ்டனுக்கு வருகிறேன். அதைச் சொல்லாவிட்டால் கவாவுச்சியைப் பற்றிச் சொன்னதாகாது.

2018 ஏப்ரல் 16. பாஸ்டன் மாரத்தான். கொட்டுகிற மழை, எலும்பில் இறங்குகிற குளிர், எதிர்க்காற்று. ஆப்பிரிக்காவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வந்த பெரிய பெரிய ஆட்கள் நடுங்கிப்போய் ஒருவர் பின் ஒருவராக விலகினார்கள். நம்ம க்ளார்க் என்ன செய்தார் தெரியுமா? ஆரம்பித்த உடனே, பத்தாயிரம் மீட்டர் ஓடுகிற வேகத்தில் தனியாகப் பிய்த்துக்கொண்டு போனார். பார்த்தவர்கள் சிரித்தார்கள். கூட்டம் அவரைப் பிடித்தது. மறுபடி ஓடினார். மறுபடி பிடித்தார்கள்.

பிறகு, முந்தின வருஷத்துச் சாம்பியனும் உலகச் சாம்பியனுமான கென்யாவின் ஜெஃப்ரி கிருயி முன்னே போய்விட்டார். ஒரு நிமிடத்துக்கு மேல் இடைவெளி. அங்கேயே கதை முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். கிருயியின் ஜாக்கெட் நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது. கால் தளர ஆரம்பித்தது. கவாவுச்சி வெறும் பனியனும் கைக்குத் துணியுறையுமாக வந்துகொண்டே இருந்தார். நாற்பதாவது கிலோமீட்டர் வாக்கில் தாண்டினார். 2:15:58. கிருயி வந்து சேர இன்னும் 2 நிமிடம் 25 வினாடி ஆனது. 1987-க்குப் பிறகு பாஸ்டனில் ஒரு ஜப்பானியர் ஜெயித்தது அன்றைக்குத்தான். இதைவிட நல்ல வானிலை எனக்கு அமைந்திருக்க முடியாது என்று நிருபர்களிடம் சொன்னார்.

அதே போட்டியில் பெண்களில் இரண்டாவதாக வந்தவர் சாரா செல்லர்ஸ். அரிசோனாவில் முழு நேர நர்ஸ். மயக்க மருந்து கொடுக்கிற வேலை. 75,000 டாலர் பரிசு. ஆக அன்றைக்கு ஆண்களில் க்ளார்க், பெண்களில் நர்ஸ். வேலை இருப்பதால் ஓட முடியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்த என்னைப் போன்றவர்களுக்கு உலக அளவில் அது ஒரு கறுப்புத் திங்கட்கிழமை.

நான் ஆறுதலுக்காகத் தேடியதில் ஒன்று அகப்பட்டது. 1976-க்குப் பிறகு பாஸ்டனில் ஜெயித்த ஆண்களின் நேரங்களில் இந்த 2:15:58 தான் மிக மெதுவானது. மெதுவாக ஓடியும் ஜெயிக்கலாம்! சந்தோஷத்தில் எதிர் சீட்காரரிடம் சொன்னேன். அவர் கால்குலேட்டரை எடுத்து என் நேரத்தை வகுக்க ஆரம்பித்ததும் தபால் பார்க்கப் போய்விட்டேன்.

மழையில் ஓடுவது பற்றி என் கொள்கை வேறு. மழைக்காலத்தில் நான் நாலரைக்கு அலாரம் வைத்து எழுந்து, ஷூ எல்லாம் போட்டுக்கொண்டு, டி.வி.யைப் போடுவேன். பள்ளிகளுக்கு விடுமுறை என்று கலெக்டர் அறிவித்திருந்தால் அதை மதித்துத் திரும்பப் படுத்துவேன். சட்டத்தை மீறி ஓட எனக்கு விருப்பமில்லை. சில நாள் பக்கத்து மாவட்டத்துக் கலெக்டர் அறிவிப்பையும் ஏற்றுக்கொண்டிருக்கிறேன்.

பாஸ்டன் பரிசு 1,50,000 டாலர். கவாவுச்சி ஊருக்குத் திரும்பி, அடுத்த வருஷம் ஏப்ரலில் அரசு வேலையை விட்டுவிட்டு முழு நேரத் தொழில்முறை ஓட்டக்காரர் ஆனார். பார்த்தீர்களா! கடைசியில் அவரும் என் கட்சிக்கு வந்துவிட்டார். வேலை ஒரு தடைதான். அதை விட்டால்தான் முன்னேற்றம். இதைப் படித்த அன்று ராத்திரி சாப்பிடும்போது, விருப்ப ஓய்வு வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்கிறேன் என்று வீட்டில் அறிவித்தேன்.

"வாங்கிட்டு?"

"முழு நேரமும் ஓடப் போறேன்."

"எங்கே?" என்று கேட்டார் மனைவி. நியாயமான கேள்வி. அதுவரை நான் யோசிக்கவில்லை.

அதற்கப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். க்ளார்க்காக இருந்தபோது அவருடைய சிறந்த நேரம், சியோலில் ஓடிய 2:08:14. வேலையை விட்ட பின் 2021 பிப்ரவரியில் பிவா ஏரி மாரத்தானில் ஓடியது 2:07:27. முப்பத்துமூன்று வயதில், எட்டு வருஷப் பழைய நேரத்தை உடைத்தது பெரிய விஷயம்தான். அதில் ஷூவுக்கு எவ்வளவு, அன்றைய நல்ல வானிலைக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். மொத்த லாபத்தையும் ராஜினாமாவின் கணக்கிலேயே எழுதினாலும் கிடைப்பது 47 வினாடி.

என் மாரத்தான் நேரத்தில் 47 வினாடி குறைந்தால் அதை நானே கவனிக்க மாட்டேன். ஒரு தண்ணீர் மேஜையில் பிஸ்கட்டா வாழைப்பழமா என்று நான் தேர்ந்தெடுக்கிற நேரம் அது. இதற்காகச் சம்பளத்தை விடுவதா? நான் எழுதி வைத்திருந்த விருப்ப ஓய்வுக் கடிதத்தின் பின்பக்கத்தில் வீட்டில் மளிகை லிஸ்ட் எழுதிக் கொடுத்தார்கள்.

தொழில்முறை ஓட்டக்காரரின் வாழ்க்கையும் நாம் நினைக்கிற மாதிரி இல்லை. ஊக்கமருந்துச் சோதனைப் பட்டியலில் இருக்கும் பெரிய ஆட்கள், வருஷம் முழுக்க ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒரு மணி நேரத்தில் எங்கே இருப்போம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் சோதனைக்காரர் வந்து, ஆள் இல்லாமல் போனால் அது ஒரு குற்றம். பன்னிரண்டு மாதத்தில் அப்படி மூன்று சேர்ந்தால் தடை. எனக்கு இந்த விதி வந்தால் முதல் பிரச்சினை வீட்டில்தான் வெடிக்கும். காலை ஆறு முதல் ஏழு வரை நான் கடற்கரையில் ஓடிக்கொண்டிருப்பதாகத்தான் அவர்களுக்குத் தகவல். உண்மை முகவரியைக் கேட்டால் டீக்கடைக்காரரைத்தான் சாட்சிக்குக் கூப்பிட வேண்டும்.

பேஸர் என்று இன்னொரு பிழைப்பும் இதில் உண்டு. முன்னணி ஆளுக்கு முன்னால் சீரான வேகத்தில் ஓடிக் கொடுத்துவிட்டுப் பாதியில் விலகுகிறவர். கேரளத்துக்காரரான ராணுவ வீரர் டி. கோபி, 2016 மும்பை மாரத்தானில் இன்னொரு ராணுவ வீரருக்கு பேஸராகத்தான் இறங்கினார். விலகாமல் கடைசிவரை ஓடி, இந்தியர்களில் இரண்டாவதாக வந்து, ரியோ ஒலிம்பிக்குக்கே தகுதி பெற்றுவிட்டார். அங்கே 25-வது இடம். எங்கள் ஓட்டக் குழுவும் ஒரு புதுப் பையனுக்கு என்னை பேஸராகப் போட்டது. ஆறாவது கிலோமீட்டரில் அவன் திரும்பி வந்து, "அங்கிள், நான் கொஞ்சம் முன்னாடி போகட்டுமா?" என்று அனுமதி கேட்டான். நல்ல வளர்ப்பு. போனவன்தான்.

முழு மாரத்தான் ஓடினேனா என்று கேட்பீர்கள். ஓடினேன் என்ற சொல்லைக் கொஞ்சம் தாராளமாக எடுத்துக்கொண்டால், ஓடினேன். கவாவுச்சி எல்லைக்கோட்டைத் தாண்டியதும் சுருண்டு விழுந்து, தூக்கிக்கொண்டு போக வேண்டிய நிலையில் முடித்த போட்டிகள் பல. உடம்பில் மிச்சம் ஒன்றும் வைக்க மாட்டார். நானும் அப்படித்தான் செய்தேன். எனக்கு மிச்சம் தீர்ந்தது இருபத்தெட்டாவது கிலோமீட்டரில்.

முப்பதுக்கு மேல் வந்தபோது சாலையைப் போக்குவரத்துக்குத் திறந்துவிட்டார்கள். தண்ணீர் மேஜைகளை மடித்து வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். உற்சாகப்படுத்த வந்த பேண்டு வாத்தியக்காரர்கள் இட்லி சாப்பிடப் போயிருந்தார்கள். நான் ஓரமாக என் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு டவுன் பஸ் பக்கத்தில் வந்து வேகத்தைக் குறைத்தது. கண்டக்டர் படியில் நின்று, என் நெஞ்சில் குத்தியிருந்த நம்பரைப் படித்துவிட்டு, "ஏறுறீங்களா?" என்றார்.

வேண்டாம் என்று தலையாட்டினேன். வீரத்தால் அல்ல, பஸ் படி உயரமாக இருந்தது.

எல்லைக்கோட்டுக்கு வந்தபோது வளைவைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கத்துக் கம்பம் இன்னும் நின்றது; அதன் பக்கமாகப் போனேன். மெடல் கொடுத்த பெண் அட்டைப்பெட்டிக்குள் கைவிட்டுத் துழாவி ஒன்றை எடுத்துப் போட்டுவிட்டது. செல்ஃபி எடுத்துக்கொண்டேன். பிறகு பார்த்தால் அதில் ஹாஃப் மாரத்தான் என்று எழுதியிருந்தது. மாற்றிக் கேட்கத் திரும்ப நடக்க வேண்டும் என்பதால் விட்டுவிட்டேன்.

அடுத்த ஜனவரி மாரத்தானுக்கும் பணம் கட்டியாகிவிட்டது. ஆகவே சாலையோரத்தில் நின்று கைதட்டுகிற புண்ணியவான்களுக்கு ஒரு விண்ணப்பம். பின்னால் வருகிற ஆட்களைப் பார்த்து "இன்னும் கொஞ்ச தூரம்தான் சார்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அதை எனக்கு இருபத்தாறாவது கிலோமீட்டரிலேயே ஒருவர் சொல்லி, நம்பித் தொலைத்தேன். உள்ள கிலோமீட்டரை உள்ளபடி சொல்லுங்கள், கையில் தண்ணீர் இருந்தால் கொடுங்கள். பஸ் ரூட் நம்பர் தெரிந்தால் அதையும் சொல்லுங்கள்.